மயக்கமும் விழிப்பும்

நம் சமூகத்துக் குடும்பங்களிலிருந்து மருந்தியலும் உயிர்த் தொழில்நுட்பமும் பயின்ற பெண்மக்கள் பலர் இன்று ஆய்வுக்கூடங்களில் பணியேற்கின்றனர். அத்தகைய பெண் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். எலிகளுக்கு அறுவை செய்யும் அறையில் மயக்க வாயுவைச் செலுத்துவது அவருக்கு இடப்பட்ட வேலை. "உயிருக்கு நோவு தெரியாதிருக்கத்தானே இந்த வாயுவைத் தருகிறேன், இது அஹிம்சையா, ஹிம்சைக்குத் துணைபோதலா? இதை நாள்தோறும் சுவாசிக்கும் என் உடல் என்னவாகும் என்று கேட்பது தன்னலமா?" என்று அவர் கேட்டார்.

இத்தகைய வினாக்களுக்கு நாம் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறோம். "அந்த வேலையை விட்டுவிடு" என்பது ஒன்று. "பிழைப்புக்காகச் செய்வதில் பாவ புண்ணியம் பார்க்க முடியுமா?" என்பது மற்றொன்று. இரண்டும் வினாவை மூடிவைக்கின்றனவேயன்றி அதற்கு விடை கூறவில்லை. ஆதலின் பொருளை அதன் மூலத்திலிருந்து ஆராய்வது நலம்.

மயக்க மருந்து உலகிற்கு வந்தது இரக்கத்தின் பொருட்டே. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியைச் செலுத்தி நோயாளியை மயக்க, அறுவை நடைபெற்றதைப் பலரும் கண்டனர். மறு ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபாரத்தைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். மனிதனுக்குக் கிடைத்த இந்நலம் விலங்குக்கும் வேண்டும் என்ற குரல் பிரிட்டனில் எழுந்தது. அதன் பயனாக 1876இல் பிறந்த சட்டம், ஆய்வுக்குட்படும் விலங்குக்கு மயக்கம் தருவதைப் பொதுவிதியாக்கியது. தசைகளைச் செயலிழக்கச் செய்து உணர்வை மட்டும் விட்டுவைக்கும் கியூராரே என்னும் நஞ்சை மயக்க மருந்தாகக் கொள்ளலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. அசையாதிருப்பதும் நோவறியாதிருப்பதும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் எழுதியோர் உணர்ந்திருந்தனர்.

நம் நாட்டில் இதற்குரிய சட்டம் 1960இல் இயற்றப்பட்ட விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமாகும். இதற்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அவர் 1953இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. இச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, அறிவு வளர்ச்சிக்கும் நோய் தீர்ப்பதற்கும் விலங்குகள்மேல் ஆய்வு செய்வதை அனுமதிக்கிறது. 17ஆம் பிரிவு, அறுவை செய்வதாயின் நோவை விலக்கப் போதிய ஆற்றலுடைய மயக்க மருந்து தரப்பட வேண்டும் எனப் பணிக்கிறது. நூல், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவையே போதுமான இடத்தில் ஆய்வைத் தவிர்க்க வேண்டும் என்றும், வெறும் கைப்பழக்கத்திற்காக விலங்கை அறுத்தல் ஆகாது என்றும் அப்பிரிவே கூறுகிறது.

ஆகவே ஆய்வறைக்குள் மயக்க வாயு நுழைந்தது ஜீவதயையின் வாயிலாகத்தான். ஆயின் ஓர் உயிரின் நோவைப் போக்க வந்த பொருள், அதைக் கையாளும் மற்றோர் உயிர்க்குத் தீங்காகுமாயின் அறம் யாது?

இதை உணர அவ்வறையில் நடப்பதை அறிய வேண்டும். இன்று எலி, சுண்டெலி போன்ற சிற்றுயிர்களுக்குப் பெரிதும் பயன்படுவது ஐசோஃப்ளூரேன் என்னும் திரவம். ஆவியாக்கி என்னும் கருவி அதை ஆவியாக்கி ஆக்ஸிஜனோடு கலந்து அனுப்புகிறது. முதலில் விலங்கை ஒளிபுகும் பெட்டியொன்றில் இட்டு, நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு ஆவி கலந்த காற்றைச் செலுத்துகின்றனர். மயங்கியபின் வெளியிலெடுத்து, மூக்கில் சிறு கூம்பு பொருத்தி, 1 முதல் 3 பங்கு வரை தந்து மயக்கத்தை நீட்டிக்கின்றனர். சிற்றுயிரின் முகம் சிறிது; கூம்பு இறுகப் பொருந்துவதில்லை. பெட்டியைத் திறக்கும்போதும், திரவத்தை ஊற்றும்போதும், குழாய் இணைப்பு தளர்ந்தபோதும் ஆவி அறைக்குள் பரவுகிறது. மயக்கம் தெளியும் விலங்கும் தன் மூச்சின் வழியே அதை வெளிவிடுகிறது.

இங்கு ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு என்பது பத்து லட்சத்திற்கு 50,000 பங்கு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத் தேசிய நிறுவனம் 1977இல், அன்று புழக்கத்திலிருந்த ஹாலோதேன் முதலிய மயக்க ஆவிகளுக்கு வகுத்த உச்ச வரம்பு, பத்து லட்சத்திற்கு 2 பங்கு. பின்னர் வந்த ஐசோஃப்ளூரேனுக்கும் பல நிறுவனங்கள் இதையே வழிகாட்டியாகக் கொள்கின்றன. பெட்டிக்குள் 50,000, பெட்டிக்கு வெளியே நிற்பவர்க்கு 2. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு மூடியும் ஒருவரது கவனமும் மட்டுமே.

இவ்வாவி செய்யும் தீங்கு யாது? மிகுதியாகச் சுவாசித்தால் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியன தோன்றும். ஹாலோதேன் அரிதாகச் சிலருக்குக் கல்லீரலைப் பழுதாக்கியதுண்டு. கருவுற்ற பெண்களைப் பற்றிய அச்சமே பெரிது. 1967இல் சோவியத் நாட்டில் வெளியான ஆய்வொன்று, மயக்கவியல் துறைப் பெண்களிடையே 31 கருப்பங்களில் 18 கலைந்தன எனக் கூறி உலகைத் திடுக்கிட வைத்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அக்கால ஆய்வுகளின் முறையில் குறை கண்டனர். அன்றைய அறைகளில் கழிவு வாயுவை அகற்றும் ஏற்பாடே இல்லை என்பதையும் சுட்டினர். இன்றும் வரம்புகள் ஒன்றுபடவில்லை. பிரிட்டன் ஐசோஃப்ளூரேனுக்கு 8 மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்திற்கு 50 பங்கு வரை ஏற்கிறது.

"தீங்கு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை, எனவே கவலை வேண்டா" என்று சிலர் இதைக் கொண்டு வாதிடுவர். நம் வாழ்க்கை நெறி இதற்கு நேர்மாறானது. நாம் நீரை வடிகட்டிப் பருகுவது ஒவ்வொரு குடத்திலும் நுண்ணுயிரைக் கண்ணால் கண்ட பின்னரா? பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருப்பது ஒவ்வோர் இரவும் உணவில் பூச்சி விழுந்ததைப் பார்த்த பின்னரா? இருக்கலாம் என்ற ஐயமே நமக்குக் கவனத்தின் தொடக்கம். துணியால் வடிகட்டுவது எளிது. தவறினால் நேரும் இழப்போ திரும்பப் பெற முடியாதது. இவ்விரண்டையும் எடைபோட்டே முன்னோர் அவ்வொழுக்கத்தை வகுத்தனர். ஆய்வறைக் காற்றுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அடுத்து, அத்தீங்கு யார்மேல் விழுகிறது என்பதைக் கேட்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் பொறிக்கப்படுபவர் பெரும்பாலும் பெட்டியின் அருகில் நிற்பவரல்லர். ஆவியாக்கியை நிரப்பும் உதவியாளர், நாள்தோறும் பல விலங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மயக்குபவர், மயங்கிய விலங்குகளைக் கூண்டுக்கு எடுத்துச் செல்பவர், அறையைத் துடைக்கும் ஒப்பந்தப் பணியாளர் ஆகியோரே அக்காற்றை மிகுதியாகச் சுவாசிப்பவர். அவர்களுள் ஒரு பெண் கருவுற்றால், தன் நிலையை மேலதிகாரியிடம் சொல்லி வேறு வேலை கேட்க வேண்டும் என்பது பலவிடத்து நடைமுறை. கருவின் முதல் வாரங்களில் அவளே அதை அறிந்திராள். அறிந்தாலும் வேலை போய்விடுமோ என அஞ்சுவாள். ஆதலின் அவள் வாய் திறந்தால்தான் பாதுகாப்பு என்ற ஏற்பாடு அறமாகாது. எவரும் எதையும் சொல்ல வேண்டாதவாறு அறையே யாவர்க்கும் தீங்கற்றதாக அமைய வேண்டும்.

இவ்விடத்தில் நம் ஆகமம் கூறும் ஐந்து சமிதிகள் நினைவுக்கு வருகின்றன. நடப்பதில் கவனம், பேசுவதில் கவனம், உணவு கொள்வதில் கவனம், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம், கழிப்பதைக் கழிப்பதில் கவனம் என்பன அவை. துறவியர்க்கு உரைத்தனவாயினும் இல்லறத்தார்க்கும் வழிகாட்டுவன. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், ஹிம்சையின் இலக்கணத்திலேயே பிரமாதம் என்னும் கவனமின்மையைச் சேர்த்து வைத்திருக்கிறது. கையில் கத்தி இல்லாதவனும் கவனமின்மையால் ஹிம்சகனாகலாம் என்பது இதன் கருத்து.

எடுத்தலும் வைத்தலும் ஆகிய சமிதி அவ்வறையில் எவ்வாறு நிற்கும்? ஆவியாக்கியை நிரப்புதல் காற்று உறிஞ்சும் அடைப்புக்குள், மற்றவர் அருகில் இல்லாத வேளையில் நடைபெற வேண்டும். சிந்தாமல் ஊற்றுவதற்கென்றே அமைந்த திறவுமுனை உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும். புட்டியின் மூடியை உடனே இறுக்க வேண்டும். வேலை தொடங்குமுன் குழாய்களில் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறக்குமுன் ஆவியை நிறுத்தி, தூய ஆக்ஸிஜனைச் செலுத்தி உள்ளிருப்பதை வெளியேற்றும் குழாய்க்கு அனுப்பிவிட வேண்டும். இதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அவசரத்தில் இருப்பவர் விட்டுவிடுவதும் இதையே.

கழித்தலாகிய சமிதி இன்னும் நுண்ணியது. மீந்த வாயுவைக் குழாய் வழியே கட்டடத்திற்கு வெளியே அனுப்புவது ஒரு முறை. அக்குழாய் மீண்டும் அறைக்கே காற்றைத் திருப்பும் அமைப்பில் சேருமாயின் பயனில்லை. கரி நிறைந்த குடுவையின் வழியே செலுத்தி ஆவியைப் பிடித்துக்கொள்வது மற்றொரு முறை. ஆவியை ஏற்க ஏற்கக் குடுவையின் எடை கூடும். புழக்கத்திலுள்ள பல குடுவைகளை, எடை 50 கிராம் கூடியதும் மாற்ற வேண்டும். புதிதாய்ப் பொருத்தும் நாளில் எடையைக் குறித்து வைக்காதவர் அது நிறைந்துவிட்டதை எவ்வாறு அறிவார்? நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவையோ கரி பிடிப்பதேயில்லை. பழைய முறையில் ஈதரைப் பயன்படுத்துமிடத்து வேறோர் ஆபத்தும் உண்டு. ஈதரால் இறந்த விலங்கின் உடலைச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், உடலிலிருந்து எழும் ஆவி மின்பொறி பட்டு வெடிக்கக் கூடும்.

மூக்கை நம்புதலும் தவறு. நெடி தெரியும் வேளைக்குள் காற்றிலுள்ள அளவு மேற்சொன்ன 2 பங்கு வரம்பைக் கடந்திருக்கும். முகத்தில் கட்டும் துணியும் காவாது. ஸ்தானகவாசித் துறவியர் வாயில் அணியும் துணி, தம்மால் பிற உயிர்க்கு ஊறு நேராதிருக்க அணிவது. அறுவை அறையின் முகத்துணியும் அத்தகையதே. அது விலங்கின் புண்ணை நம் மூச்சினின்று காக்கும், நம்மை ஆவியினின்று காவாது. காற்றில் எவ்வளவு கலந்துள்ளது என்பதை, சட்டையில் பொருத்தும் அளவுப் பட்டையைக் கொண்டு அறிவதே முறை.

ஆசிரியப் பயிற்சியில் பல்லாண்டு ஈடுபட்டவள் என்ற முறையில் ஒன்று கூறுவேன். விதியை மட்டும் கற்பித்தால் மேற்பார்வையாளர் பார்க்கும்போது மாத்திரம் அது நிற்கும். காரணத்தோடு கற்பித்தால் தனிமையிலும் நிற்கும். குடுவையை ஏன் நிறுக்க வேண்டும் என்று அறிந்தவரே யாரும் இல்லாத மாலை வேளையிலும் அதை நிறுப்பார்.

இதுவரை கூறியதைக் கேட்டு ஒருவர் தடுத்துரைக்கலாம். "விலங்கை அறுப்பதே பாவம். அதை அறுப்பவர்க்கு நற்காற்று வேண்டும் என்று நீங்கள் வாதிடுவது, கசாப்புக் கடைக்காரனின் கத்திக்குப் பிடி போட்டுத் தருவது போலன்றோ? வசதி பெருகப் பெருகக் கொடுமை நிலைபெறுமே!" என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று.

நம் நூல்கள் இல்லறத்தானுக்கு நேரும் ஹிம்சையை நான்காகப் பிரிக்கின்றன. எண்ணியே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பன அவை. இவற்றுள் எண்ணியே செய்வதை முற்றும் விடல் வேண்டும். உடலை அறுக்கவென்றே ஓர் உயிரைக் கூண்டிலிருந்து எடுத்தலைத் தொழிலில் நேரும் ஹிம்சை எனக் கூறி எளிதில் தப்ப முடியாது. மயக்க மருந்து நோவைப் போக்கும். உயிரின் இழப்பை ஈடுசெய்யாது. இதை ஒளிக்காமல் கூறுவதே நேர்மை.

ஆயின் அவ்வுண்மை ஆய்வறையின் வாசலோடு நிற்பதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் ஒருசேர வைத்தது நம் சமயம். நாம் விழுங்கும் மருந்துகளுள் மிகப் பெரும்பாலானவை மனிதர்க்குத் தரப்படுமுன் விலங்குகளில் சோதிக்கப்பட்டவை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்ணும் முதியோராகிய நாம், அம்மாத்திரைக்குப் பின்னால் எலிப் பெட்டியருகே நின்ற பெண்ணைப் பார்த்து "நீ விலகிவிடு" என்று மட்டும் கூறிக் கை கழுவ இயலாது. அவள் விலகினால் அவ்விடத்தில் வேறொருத்தி நிற்பாள். மாத்திரையை நாம் விடப்போவதில்லை. பயன் துய்ப்பவர் நாமாகவும் காற்றைச் சுவாசிப்பவள் அவளாகவும் இருக்க, அவள் பாதுகாப்பைப் பேசுவது கொடுமைக்கு வசதி செய்தலாகாது. நம் கடனில் ஒரு சிறு பகுதியைச் செலுத்துதலே ஆகும்.

மேலும், கவனமும் கருணையும் ஒன்றையொன்று எதிர்ப்பவையல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. தொழிற்சாலைப் பாதுகாப்பு வல்லுநர் தீங்கைத் தடுக்கும் வழிகளைப் படிப்படியாக வரிசைப்படுத்துவர். தீங்குள்ள பொருளையே நீக்குதல் முதற்படி. தீங்கு குறைந்ததை மாற்றாகக் கொள்ளுதல் அடுத்தது. பின்னர்க் கருவிகளால் தடுத்தல், விதிகளால் தடுத்தல். முகமூடி போன்றவை கடைசிப் படி. மறுபுறம், 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர் விலங்காய்வில் மனிதத்தன்மைக்கு மூன்று நெறிகள் வகுத்தனர். விலங்குக்குப் பதில் வேறு முறையை ஆளுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், நோவைத் தணித்தல் என்பன அவை. ஒன்று பணியாளரைக் காக்க எழுந்த ஏணி. மற்றொன்று விலங்கைக் காக்க எழுந்தது. இரண்டிலும் முதற்படி ஒன்றே. செய்ய வேண்டாத ஆய்வைச் செய்யாதிருந்தால் எலியும் பிழைக்கிறது, அப்பெண்ணின் மூச்சும் தூயதாகிறது. திறக்கப்படாத வாயுவே தீங்கற்ற வாயு.

அம்முதற்படியில் உலகம் மெல்லக் கால் வைத்து வருகிறது. 2014இல் நம் நாடு அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதைத் தடை செய்தது. 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்துகள் விதிகள், விலங்கல்லாத முறைகளுக்கும் இடம் தந்தன. உயிரணு வளர்ப்பும் கணிப்பொறிக் கணக்கீடும் சில வினாக்களுக்கு விடை கூறத் தொடங்கியுள்ளன. எல்லாவற்றுக்கும் இன்னும் கூறவில்லை. ஆதலின் கீழ்ப்படிகளையும் நாம் கைவிடலாகாது.

வெளியேறிய வாயு என்னவாகிறது என்பதும் எண்ணத்தக்கது. ஐசோஃப்ளூரேனில் குளோரின் உண்டு. அது ஓசோன் படலத்தை ஓரளவு சிதைக்கும். புவியை வெப்பமாக்கும் வாயுக்களுள்ளும் அது ஒன்று. காற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு எனக் கொள்ளும் நாம், அறைக்கு வெளியே அனுப்பியதோடு கடமை முடிந்தது எனக் கருதலாகுமா? வேண்டிய அளவுக்கு மேல் ஆவியைச் செலுத்தாமையே இதற்குரிய முதல் தவம்.

இனி அப்பெண்ணின் வினாக்களுக்கு வருகிறேன். நீ தரும் மயக்கம் அவ்வுயிர்க்கு நன்மையே. அது நிகழும் செயலை அஹிம்சையாக்காது. வேறு பணி கிடைக்குமாயின் மாறுதல் நன்று. இருக்கும் நாள்வரை இரண்டு கேள்விகளை விடாதே. "இவ்வாய்வு இன்றியமையாததா?" என்பதை நெறிக்குழுவின் முன் கேட்கும் வாய்ப்பு வரும்போதெல்லாம் கேள். "இக்குடுவையை இறுதியாக நிறுத்தது எந்நாள்?" என்பதை நாள்தோறும் கேள். உன் உடலைப் பற்றிக் கேட்பது தன்னலமன்று. உன் உயிரும் உயிர்களுள் ஒன்றே. உன்னருகில் கூண்டு கழுவும் பெண்ணுக்காகவும் சேர்த்துக் கேட்பாயாயின் அது தயையாகும்.

மயக்கம் எலிக்கு உரியதாகட்டும். அதைத் தருபவர்க்கும், அதன் பயனைத் துய்க்கும் நமக்கும் அது உரியதன்று.